கட்டு வந்து சேரட்டும்: உள்ளாட்சி வக்கீல்களுக்கு ஒரு திறந்த மடல்

மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி ஒன்றியம், கிராம ஊராட்சி என்று தமிழ்நாட்டு உள்ளாட்சிகளுக்காக வக்காலத்துப் போட்டு நிற்கும் வழக்கறிஞர் நண்பர்களுக்கு,

தென்மாவட்ட நகராட்சி ஒன்றுக்கும் அதைச் சுற்றியுள்ள சில பேரூராட்சிகளுக்கும் நெடுங்காலம் வக்கீலாக இருந்தவன் நான். இப்போது அந்தப் பொறுப்பில் இல்லை. அதனால் யாருக்கும் சங்கடம் வராமல் சிலவற்றைச் சொல்ல முடிகிறது.

முன்சீப் கோர்ட்டில் நம் வழக்கைக் கூப்பிட்டதும் நாம் எழுந்து சொல்வது அந்தக் கோர்ட் டவாலிக்கே மனப்பாடம்: "பாராவைஸ் ரிமார்க்ஸ் இன்னும் வரலைங்க, ஒரு வாய்தா வேணும்." அதில் பொய் ஒன்றும் இல்லை. வழக்குரையின் ஒவ்வொரு பத்திக்கும் அலுவலகம் எழுதி அனுப்ப வேண்டிய பதில் குறிப்பு உண்மையிலேயே வந்திருக்காது. ஆனால் நீதிபதியின் காதில் அது நகராட்சி வக்கீலின் வழக்கமான சாக்காகத்தான் விழும்.

நாம் சட்டம் தெரியாமல் தோற்ற வழக்குகள் குறைவு. காகிதம் வராமல் தோற்றவை, வந்த காகிதம் வேண்டிய காகிதமாக இல்லாமல் தோற்றவை, பக்கத்து நகராட்சியில் இதே சங்கதி எப்போதோ தீர்ந்துபோனது தெரியாமல் தோற்றவை, இவைதான் மிகுதி. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஒரே கட்சிக்காரர். பத்திரப் பையோடு அலுவலகத் திண்ணையில் வந்து உட்கார்ந்திருப்பார். நமக்கு அப்படி ஆளே கிடையாது. ஆணையர் மாறுவார், சேர்மன் மாறுவார், கட்டைப் பார்க்கும் கிளார்க் மாறுவார். வழக்கு எண் மட்டும் மாறாமல் நிற்கும்.

எல்லா ஊரிலும் நடக்கும் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். ஒருவர் தன் வீட்டு வாசலில் தெருவுக்குள் நான்கடி இழுத்துப் படிக்கட்டும் தாழ்வாரமும் கட்டுகிறார். நகரமைப்பு ஆய்வாளர் போய் வாய்மொழியாக எச்சரித்துவிட்டு வருகிறார். அடுத்த வாரமே நிரந்தர உறுத்துக் கட்டளை கேட்டு ஓ.எஸ். வழக்கும், இடைக்காலத் தடை கேட்டு ஒரு ஐ.ஏ.வும் தாக்கலாகின்றன. கூடவே வீட்டு வரி ரசீது, குடிநீர் இணைப்பு ரசீது, மின் அட்டை. முதல் இரண்டும் நம் கட்சிக்காரரே கொடுத்த காகிதங்கள். ஒருதலைப்பட்சமாகத் தடை கிடைக்கிறது. சம்மன் நகராட்சித் தபால் பிரிவுக்கு வருகிறது. மனுவில் 'வீடு' என்று இருப்பதால் அது வருவாய்ப் பிரிவுக்குப் போகிறது. அங்கே ஒரு மாதம் கிடந்து நகரமைப்புப் பிரிவுக்கு வருகிறது. சர்வேயரோ இரண்டு ஊருக்குக் கூடுதல் பொறுப்பு. பதிலுரை தாக்கல் செய்ய உரிமையியல் நடைமுறைச் சட்டம் கொடுக்கும் 30 நாள் போய், நீட்டிப்போடு சேர்ந்த 90 நாளும் போய்விடுகிறது. அந்த 90 நாள் கட்டாயமல்ல, நடைமுறைக்கான வரம்புதான் என்று உச்ச நீதிமன்றம் 2005இல் கைலாஷ் வழக்கில் சொன்னது உண்மை. அந்தத் தீர்ப்பை நம்பியே எக்ஸ்பார்ட்டி ஆன நகராட்சிகள் உண்டு. எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாணையை நீக்கக் கேட்க 30 நாள். அந்த 30 நாளும் தபால் பிரிவிலேயே கழிந்துவிடும்.

இந்த வழக்கில் நம் பக்கம் இருக்கும் பலத்தைப் பாருங்கள். முதலில், வாதியின் சொந்தக் கிரயப் பத்திரம். அதில் செக்குபந்தியில் 'வடக்கே நகராட்சித் தெரு' என்றும், கிழமேலடி, தென்வடலடி இத்தனை என்றும் எழுதியிருக்கும். அந்த அளவை டவுன் சர்வே நிலப் பதிவேட்டோடும் சர்வே வரைபடத்தோடும் வைத்துப் பார்த்தாலே அந்த நான்கடி யாருடையது என்பது தெரிந்துவிடும். அடுத்து, வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது. கட்டடம் இருந்தால் வரி போடுவது நகராட்சியின் கடமை. வரி வாங்கியதாலேயே இடத்தைக் கொடுத்ததாகாது. இதை நீதிமன்றங்கள் சொல்லிச் சலித்துவிட்டன. மூன்றாவதைத்தான் நம்மில் பலர் எடுப்பதே இல்லை: 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் அட்டவணையில் 111ஆவது இனம். பொதுத் தெருவையோ சாலையையோ அதன் ஒரு பகுதியையோ இழந்த உள்ளாட்சி, சுவாதீனம் கேட்டு வழக்குப் போட 30 ஆண்டு. தனியாருக்கு 12 ஆண்டுதான். "இருபது வருஷமா அனுபவிக்கிறோம்" என்று வாதி சொன்னதும் நம் அலுவலர் முகம் வாடும். தெருவைப் பொறுத்தவரை வாட வேண்டியதில்லை.

ஆனால் இந்தச் சலுகை தெருவுக்கும் சாலைக்கும் மட்டும்தான் என்பதையும் மறக்கக் கூடாது. அடுத்த இனமான 112 மத்திய, மாநில அரசுகளின் வழக்குகளுக்கு 30 ஆண்டு தருகிறது. உள்ளாட்சி அதில் இல்லை. ஆகவே நகராட்சி கிரயம் வாங்கிய காலி மனையிலோ, நகராட்சிக்குச் சொந்தமான பழைய கட்டடத்திலோ ஒருவர் புகுந்தால் கடிகாரம் 12 ஆண்டில் நின்றுவிடும். சொத்துப் பதிவேட்டை ஆண்டுக்கொரு முறை நேரில் சரிபார்க்கச் சொல்லி ஆணையருக்கு எழுத வேண்டியது நம் வேலை. கேட்டால் எழுதுவோம் என்று காத்திருந்தால் யாரும் கேட்கப் போவதில்லை.

இதே வழக்கை முன்கூட்டியே தடுக்கவும் வழி உண்டு. ஆக்கிரமிப்பு நோட்டீஸ் போகும் அன்றே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 148-ஏ பிரிவின்கீழ் கேவியட் போட்டுவிடுங்கள். 90 நாள் செல்லும். எதிர்த்தரப்பு காலையில் வழக்குப் போட்டு மதியம் தடையோடு வீடு திரும்பும் கதை அதோடு நிற்கும். கேவியட் இல்லாமல் தடை வந்துவிட்டாலும், ஆணை 39இன் விதி 3-ஏ அந்த ஐ.ஏ.வை 30 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது. அதைக் காட்டி ஒரு மெமோ போடலாம். சர்வேயர் துணையோடு வழக்கறிஞர் ஆணையரை நியமிக்க நாமே மனுப் போடலாம். ஆணையரை எதிர்த்தரப்புதான் கேட்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. சங்கிலி பிடித்து அளந்த அறிக்கை கோர்ட்டுக்கு வந்துவிட்டால் பாதி வழக்குகள் அங்கேயே சமரசத்துக்கு வந்துவிடும்.

இன்னொன்று, புகைப்படம். துப்புரவு ஆய்வாளர் கைபேசியில் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பியதை பிரிண்ட் போட்டுக் கட்டில் வைத்துவிடுகிறோம். 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாட்சிய அதினியம் வந்திருக்கிறது. பழைய 65-பி இப்போது 63. அதன் சான்றிதழுக்கு இரண்டு பகுதிகள்: ஒன்று கருவியை வைத்திருந்தவர் தருவது, மற்றது வல்லுநர் தருவது. படத்தை எடுத்த அலுவலர் இடம் மாறிப் போன பிறகு சான்றிதழுக்காக அவரைத் தேடி அலைவதைவிட, படம் எடுக்கும்போதே வாங்கி வைத்துவிடுவது எளிது.

சட்ட மாற்றம் என்றதும் நம்மை நேரடியாகத் தொடும் மாற்றத்தைச் சொல்ல வேண்டும். தலைமுறை தலைமுறையாக நாம் கையில் வைத்துப் புரட்டிய 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம், சென்னைக்கான 1919 சட்டம், மதுரைக்கு 1971, கோவைக்கு 1981 என்று தனித்தனியாக இருந்த மாநகராட்சிச் சட்டங்கள் எல்லாம் ஓய்வு பெற்றுவிட்டன. 1998இல் இயற்றப்பட்டு, இடையில் நிறுத்தி வைக்கப்பட்டு, திருத்தப்பட்ட நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரல் 13 முதல் நடைமுறைக்கு வந்தது. கூடவே 2023ஆம் ஆண்டு விதிகளும். ஆனால் அலுவலகங்களில் அச்சடித்து வைத்த நோட்டீஸ் படிவங்களில் பழைய பிரிவு எண்களே இன்னும் ஓடுகின்றன. எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொண்டு "இல்லாத சட்டத்தின்கீழ் நோட்டீஸ்" என்று ரிட் போடும். அதிகாரம் சட்டத்தில் இருக்கும்போது பிரிவைத் தவறாகக் குறித்ததாலேயே ஆணை செல்லாமல் போகாது என்பது நிலைத்த கொள்கை. பழைய சட்டத்தின்கீழ் தொடங்கிய நடவடிக்கையைக் காப்பாற்ற 1891ஆம் ஆண்டுப் பொது உட்பிரிவுகள் சட்டமும் இருக்கிறது. வாதம் உண்டுதான். ஆனால் ஒரு படிவத்தைத் திருத்தினால் தீர்ந்துவிடும் காரியத்துக்கு மதுரைக் கிளை வரை போய் வாதாடுவது என்ன கணக்கு? பிரிவு எண்களைப் பழையது, புதியது என்று இரண்டு பத்தியாக எழுதிய பட்டியல் ஒன்றை யாராவது ஒருவர் ஒருமுறை ஒழுங்காகத் தயாரித்தால் அத்தனை நகராட்சிக்கும் அது போதும். இப்போது அவரவர் தனித்தனியாக, அவசரத்தில், வழக்கு வந்த பிறகு தயாரிக்கிறோம்.

கட்டட இடிப்பில் காற்று மாறியிருப்பதையும் அலுவலர்களுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் 13இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுதுக்கும் நெறிமுறை வகுத்தது. பதிவுத் தபாலில் நோட்டீஸ், கட்டடத்தில் ஒட்டுவது, குறைந்தது 15 நாள் அவகாசம், நேரில் கேட்பது, காரணம் சொல்லும் ஆணை, அதன் பிறகும் 15 நாள், இடிக்கும்போது வீடியோ. மீறினால் கட்டடத்தைத் திரும்பக் கட்டிக் கொடுக்கும் செலவு அலுவலரின் சொந்தப் பொறுப்பு. சாலை, தெரு, நடைபாதை, ஆறு, நீர்நிலை போன்ற பொது இடத்து ஆக்கிரமிப்புக்கு இந்த நெறிமுறை பொருந்தாது என்ற விலக்கும் அதே தீர்ப்பில் இருக்கிறது. பல அலுவலர்கள் ஒன்று பயந்துபோய் எதையும் தொடாமல் இருக்கிறார்கள், அல்லது விலக்கை மட்டும் கேள்விப்பட்டு ஜேசிபியோடு கிளம்பிவிடுகிறார்கள். விலக்கு இருந்தாலும் அந்த இடம் பொது இடம்தான் என்பதை அளந்து, பதிந்து வைத்துக்கொண்டே கிளம்ப வேண்டும். 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்கீழ் போனாலும் 7ஆம் பிரிவு நோட்டீஸுக்குப் பிறகுதான் 6ஆம் பிரிவு ஆணை. எண் முன்பின்னாக இருக்கிறது என்பதால் நடைமுறையும் முன்பின்னாகிவிடக் கூடாது.

அடுத்து, மேல்முறையீட்டுத் தாமதம். 1987இல் கடிஜி வழக்கில் தாமதத்தைத் தாராளமாக மன்னிக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம் அல்ல இப்போது இருப்பது. 2012இல் லிவிங் மீடியா வழக்கில் 427 நாள் தாமதத்தை மன்னிக்க மறுத்தபோது, கோப்பு மேசை மேசையாய் நகர்ந்தது என்பதைக் காரணமாக ஏற்க முடியாது என்றாகிவிட்டது. 2020இல் பேருலால் வழக்கில் 663 நாள் தாமதமாக வந்த மத்தியப் பிரதேச அரசுக்கு 25,000 ரூபாய் செலவுத்தொகை விதித்து, அதைப் பொறுப்பான அலுவலர்களிடம் வசூலிக்கச் சொன்னது. 2025 செப்டம்பரில் கர்நாடக வீட்டுவசதி வாரியத்தின் 3966 நாள் தாமதத்தை உயர் நீதிமன்றம் மன்னித்ததையே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அரசுத் துறைக்கே இந்தக் கதி என்றால் பேரூராட்சியின் தாமத மனு எம்மாத்திரம்? தீர்ப்பு வந்த அன்று மாலையே அலுவலகத்துக்கு ஒரு பக்கக் கடிதம் போக வேண்டும்: தீர்ப்பின் சாரம், மேல்முறையீட்டுக்குக் கடைசி நாள், போக வேண்டுமா வேண்டாமா என்ற நம் கருத்து. நகல் ஒன்று ஒப்புகையோடு நம்மிடம் இருக்க வேண்டும். பின்னால் விசாரணை வந்தால் நம்மைக் காப்பதும் அந்த ஒரு பக்கம்தான்.

'வேண்டாம்' என்ற கருத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உள்ளாட்சிச் சட்டம் படிக்கிறவர்கள் எல்லோரும் மேற்கோள் காட்டும் ரத்லாம் வழக்கை எடுங்கள். மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் ஊரில் ஒரு தெருவில் திறந்த சாக்கடை, சாராய ஆலைக் கழிவு. பொறுக்க முடியாமல் மக்கள் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவில் சரிசெய்ய ஆணை வந்தது. இப்போது அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152. நகராட்சி என்ன செய்தது? "நிதி இல்லை" என்று உச்ச நீதிமன்றம் வரை போனது. 1980இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அமர்வு, நிதி இல்லை என்பது அடிப்படைக் கடமையைத் தட்டிக்கழிக்கக் காரணமாகாது என்று திருப்பி அனுப்பியது. அந்த வழக்கில் நகராட்சி வக்கீலாக நான் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசிப்பதுண்டு. டெல்லிக்கு ஆகும் செலவில் கொஞ்சம் சாக்கடையாவது கட்டியிருக்கலாம் என்று மாஜிஸ்திரேட் ஆணை வந்த அன்றே எழுதிக் கொடுப்பதுதான் நல்ல வக்கீல் வேலை. தோற்க வேண்டிய வழக்கைத் தோற்க விடுவதற்கும் துணிவு வேண்டும். மன்றக் கூட்டத்தில் திட்டு வாங்குவது நாம்தானே.

இங்கே கட்சிக்காரர் யார் என்ற பழைய தலைவலி வருகிறது. நமக்கு வக்காலத்தில் கையெழுத்துப் போடுவது ஆணையர் அல்லது செயல் அலுவலர். நம்மை நியமிக்கச் சொன்னது பெரும்பாலும் தலைவர். ஆனால் நம் கட்சிக்காரர் இவர்கள் யாரும் அல்ல. தனக்கென முத்திரையும் அறாத தொடர்ச்சியும் கொண்ட அந்த அமைப்புதான். தலைவரும் ஆணையரும் முட்டிக்கொள்ளும்போது இரண்டு பக்கமும் நமக்குப் போன் வரும். ஊராட்சித் தலைவர்மீது 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆம் பிரிவில் நீக்க நடவடிக்கை வரும்போது, அவரே உங்களிடம் வந்து "நம்ம ஊராட்சி வக்கீல்தானே, எனக்கும் நீங்களே ஆஜராகுங்க அண்ணே" என்பார். பழகியவர், ஊர்க்காரர், ஒருவேளை உறவுமுறையும் இருக்கும். இரண்டு வக்காலத்தையும் ஒரே கையில் பிடிக்காதீர்கள். அவருக்கு வேறு நல்ல வக்கீலைச் சொல்லி அனுப்புவதுதான் அவருக்கும் நாம் செய்யும் உதவி.

கட்சிக்காரர் பக்கம் மன்றமே இல்லாத நிலைமையும் நம் ஊரில் உண்டு. பழங்குடியினர் இடஒதுக்கீடு முறையாகப் பின்பற்றப்படவில்லை என்று தொடரப்பட்ட வழக்கில் 2016 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது. ஊரகத் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில், அதுவும் எல்லா மாவட்டத்திலும் அல்ல. நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரியில். இடையில் தனி அலுவலர்கள்தான். 2019இல் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து ஊராட்சிகள் மறுபடி தனி அலுவலர்கள் கைக்குப் போயின. ஐந்தாண்டுக்கு மேல் நீடிக்கக் கூடாது, அதற்குள் தேர்தல் நடக்க வேண்டும் என்று அரசமைப்பின் 243-இ, 243-யு சொல்லியும் இதுதான் நிலை. அறிவிப்பில் விழுந்த ஒரு சட்ட ஓட்டை ஆயிரக்கணக்கான ஊர்களில் மன்றத்தையே இல்லாமல் ஆக்கியதை நாம் கண்ணால் பார்த்தோம். வக்கீல் கருத்து கேட்பது வெறும் சம்பிரதாயம் என்று நினைக்கும் அலுவலர்களுக்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை.

இத்தனையும் ஒற்றை ஆளாக நாம் பார்க்கிறோம். ஜூனியர் ஒருவர் இருந்தால் உண்டு. வெளிநாட்டில் எப்படி என்று தேடியபோது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஓர் ஏற்பாடு கண்ணில் பட்டது. நகராட்சி ஆய்வு சேவை மையம் என்று சொல்லலாம்; சியாட்டிலில் இருக்கிறது. 1934இல் பல்கலைக்கழகத்தின் ஒரு பிரிவாகத் தொடங்கி, 1969இலிருந்து லாப நோக்கமற்ற தனி அமைப்பாக இயங்குகிறது. அந்த மாநிலத்தின் 281 நகரங்களும் 39 கவுண்டிகளும் சட்டச் சந்தேகம் எதையும் அங்கே கேட்கலாம். இதே வேலை செய்யும் வக்கீல்கள் பதில் எழுதுவார்கள், கட்டணம் இல்லை. பிற ஊர்கள் போட்ட தீர்மானங்கள், ஒப்பந்த மாதிரிகள், படிவங்கள் எல்லாம் எடுத்துப் பார்க்கக் கிடைக்கும். இதற்கான நிதி பெரும்பாலும் எதிலிருந்து வருகிறது தெரியுமா? மாநிலத்தின் மது வருவாயில் நகரங்களுக்குப் போகும் பங்கிலிருந்து. டாஸ்மாக் ஊர்க்காரர்களான நமக்கு அதைப் படித்ததும் ஒரு பெருமூச்சு வரும். நாடு முழுதுக்குமான நகராட்சி வக்கீல்கள் சங்கமும் அங்கே 1935 முதல் இருக்கிறது. ஒரு சிற்றூர் வழக்கு உச்ச நீதிமன்றம் போனால் சங்கமே நீதிமன்றத்துக்குத் துணைவாதம் எழுதிக் கொடுக்கும். ஊர் தனியாக நிற்பதில்லை.

அரசு இப்படி ஒன்றைச் செய்யட்டும் என்று கேட்போம், கேட்க வேண்டியதுதான். கோவையில் தமிழ்நாடு நகரியல் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, மறைமலை நகரில் ஊரக வளர்ச்சிக்கான மாநிலப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அலுவலர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும் பயிற்சி நடக்கும் இடத்தில் ஆண்டுக்கு இரண்டு நாள் உள்ளாட்சி வக்கீல்களையும் அழைக்க எவ்வளவு செலவாகிவிடும்? என் காலத்தில் என்னை யாரும் அழைத்ததில்லை. ஆனால் அரசாணை வரும் வரை கைகட்டி இருந்தால் நம் பேரன் காலத்தில்தான் வரும்.

அதனால் என் யோசனை சிறியது. மாவட்டத்துக்கு ஒரு பொதுக் கட்டு. அந்த மாவட்டத்தின் உள்ளாட்சி வக்கீல்கள் மட்டும் பார்க்கக்கூடிய கணினிக் கோப்புறை ஒன்று. அதில் முதலில் போட வேண்டியது நம் கீழ்க்கோர்ட், மாவட்டக் கோர்ட் தீர்ப்புகள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இ-எஸ்சிஆர் தளத்தில் 2023 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. உயர் நீதிமன்றத் தீர்ப்பும் கைபேசியிலேயே கிடைக்கும். பக்கத்துத் தாலுகா முன்சீப் போன மாதம் தெரு ஆக்கிரமிப்பில் எழுதிய நல்ல தீர்ப்புதான் எந்தச் சட்ட இதழிலும் வராது. அதன் சான்றிட்ட நகலை ஸ்கேன் செய்து போடுங்கள். பிறகு தாக்கலான பதிலுரைகள், கவுன்ட்டர்கள். 2022இல் சொத்து வரி 25 முதல் 150 விழுக்காடு வரை உயர்த்தப்பட்டபோது ஊருக்கு ஊர் ரிட் மனுக்கள் வந்தன. கேள்வி ஒன்றுதான், பதிலை மட்டும் அத்தனை பேரும் ஆரம்பத்திலிருந்து தனித்தனியாக எழுதினோம். ஒருவருடைய நல்ல கவுன்ட்டரை எல்லோரும் பார்த்திருந்தால் பல இரவுகள் மிச்சமாகியிருக்கும்.

அதோடு பாராவைஸ் ரிமார்க்ஸ் கேட்கும் கடிதத்துக்கு ஒரு மாதிரி. "வழக்குரை நகல் இணைத்துள்ளேன், குறிப்பு அனுப்பவும்" என்று நாம் எழுதும் ஒற்றை வரிக் கடிதத்தால்தான் பாதித் தாமதம். எந்தப் பிரிவு அலுவலர் பதில் தர வேண்டும், எந்தப் பதிவேட்டின் எந்தப் பக்கம் வேண்டும், மன்றத் தீர்மானம் இருந்தால் நாளும் எண்ணும், அளவை வேண்டுமா, என்றைக்குள் வேண்டும் என்று பிரித்துக் கேட்டால் கிளார்க்குக்கும் வேலை எளிது. என் அனுபவத்தில் கிளார்க்குகள் சோம்பேறிகள் அல்ல. என்ன கேட்கிறோம் என்பதே அவர்களுக்குப் புரிவதில்லை. ஒருமுறை பில் கலெக்டர் ஒருவர் வரி கேட்புப் பதிவேட்டின் ஒரு பக்கத்தைக் கொண்டுவந்து கொடுத்ததில், வாதியின் அப்பாவே 'தெருப் புறம்போக்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பழைய மனு ஒன்று ஊசி குத்தி இணைத்திருந்தது. அந்த வழக்கில் அதற்குமேல் வாதம் தேவைப்படவில்லை. சரியான பதிவேட்டின் பெயரைச் சொல்லிக் கேட்டதால் கிடைத்த காகிதம் அது.

எதைப் போடக் கூடாது என்பதையும் முன்பே பேசிக்கொள்வோம். ஆணையருக்கு நாம் எழுதிக் கொடுக்கும் சட்டக் கருத்து கட்சிக்காரருக்கும் நமக்கும் இடையிலானது. அது பொதுக் கட்டுக்குள் வரக் கூடாது. கோர்ட்டில் தாக்கலாகிப் பதிவுக்குப் போனவையும் தீர்ப்புகளும் மட்டும் போதும். குடும்பத் தகராறு, பெண் ஊழியர் புகார் போன்ற விவரங்கள் இருந்தால் பெயர்களை அழித்துவிட்டுப் போடுங்கள்.

ஒவ்வொருவரும் தம் உள்ளாட்சியின் வழக்குப் பட்டியலை 16 இலக்க சிஎன்ஆர் எண்ணோடு எழுதி அலுவலகத்துக்கு ஒரு நகல் கொடுங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் வாய்தா நாளை ஆணையரே பார்த்துக்கொள்ளலாம். பிறகு "வக்கீல் சொல்லவே இல்லை" என்பது நிற்கும். அவமதிப்பு மனு வரும்போது அலுவலர் நேரில் வந்து நிற்க வேண்டுமா என்ற பதற்றத்துக்கும் ஒரு பதில் இருக்கிறது: 2024 ஜனவரி 3இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நடைமுறைப்படி அலுவலர்களை நேரில் அழைப்பது விதிவிலக்கு, அப்போதும் காணொலியே முதல் வழி. அந்தத் தீர்ப்பின் நகலும் பொதுக் கட்டில் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். ஏனென்றால், பயந்த அலுவலர் தவறான கவுன்ட்டரில் கையெழுத்துப் போடுவார்.

கட்டணம் பற்றி எழுதாவிட்டால் இந்த மடலை நீங்கள் நம்ப மாட்டீர்கள். பழைய அட்டவணைக் கட்டணம், அதுவும் தணிக்கைத் தடையில் நிற்கும் பில், மன்றம் மாறியதும் "முந்தைய காலத்துப் பாக்கி" என்று ஒதுக்கப்படும் கோப்பு எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நியமனத்துக்கும் ஒழுங்கு வேண்டும். அரசு வக்கீல் நியமனம் வெளிப்படையாகவும் தகுதி பார்த்தும் நடக்க வேண்டும் என்று 2016இல் பிரிஜேஷ்வர் சிங் சாஹல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது பஞ்சாப், ஹரியானாவைப் பற்றித்தான். ஆனாலும் அந்த நியாயம் நம் நகராட்சி வாசலோடு நின்றுவிடுவதில்லை. கட்டணத்தைத் தனித்தனியாகக் கேட்டால் வேறு வக்கீலைப் பார்த்துக்கொள்கிறேன் என்பார்கள். மாவட்டமாகச் சேர்ந்து கேட்டால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

கோர்ட் கோடை விடுமுறைக்கு மூடுவதற்கு முன் வரும் சனிக்கிழமை ஒன்றில், உங்கள் மாவட்டத் தலைநகர் பார் அசோசியேஷன் நூலகத்தில் ஒரு மணி நேரம் கூடுங்கள். ஆளுக்கு ஒரு நல்ல தீர்ப்பு, ஒரு எக்ஸ்பார்ட்டி ஆன வழக்கின் கட்டு, புதிய சட்டத்துக்குத் திருத்திய ஒரு நோட்டீஸ் படிவம் கொண்டுவந்தால் போதும். கூட்டத்துக்குத் தலைவர், செயலாளர் எல்லாம் வேண்டாம். ஸ்கேன் செய்யத் தெரிந்த ஜூனியர் ஒருவர் வேண்டும். வராத பில் பாக்கிப் பட்டியலையும் எடுத்து வாருங்கள். அதைக் கடைசியில் பேசுங்கள், இல்லாவிட்டால் மற்றது எதையும் பேச நேரம் இருக்காது.

அன்புடன்,
முன்னாள் நகராட்சி வக்கீல் ஒருவன்